ரெண்டாவது பிரேக்

இல்ல தம்பி, ரேட்டு ஜாஸ்தின்னு நான் எங்க சொன்னேன்? நீங்களாத்தான் கொறச்சுத் தரேன் கொறச்சுத் தரேன்னு நான் வந்ததுலேருந்து சொல்லிட்டிருக்கீங்க. நான் மூச்சு வாங்கிட்டிருந்தேன், அவ்வளவுதான். மாடி ஏறி வந்திருக்கேன்ல. வண்டி இன்சூரன்ஸ் விக்கற ஆபீச மாடியில வெச்சுட்டு, லிப்ட்டு கதவுல பழுதுன்னு அட்டைய வேற தொங்க விட்டிருக்கீங்க. முட்டி நல்லா இருக்கறவங்களுக்கு மட்டுந்தான் பாலிசி போல.

கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க. ம், போதும் போதும்.

இப்ப கேளுங்க. வண்டி என் வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. பாலிசி இன்னிக்கு ராத்திரியோட முடியுது. திங்கக்கிழமையிலேருந்து பேத்திய ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வரேன்னு அவர் வாக்கு குடுத்திருக்கார். பொண்ணு மறுபடி வேலைக்குப் போறா, அந்த நேரத்துல அவளால வர முடியாது. தாத்தா நான் எதுக்கு இருக்கேன்னுட்டார். குட்டி அதக் கேட்டதுலேருந்து தலகால் புரியாம ஆடிட்டிருக்கு. முன்னாடி சீட்டுல உக்காரலாமான்னு இப்பவே பேரம் நடக்குது. அதனால எனக்கு இன்னிக்குள்ள ஒரு முடிவு தெரிஞ்சாகணும். அதுக்குத்தான் முட்டியையும் பாக்காம மாடி ஏறினேன்.

ஆமா, இடிச்ச கணக்கு இருக்கு. மறைக்க வந்திருக்கேன்னு நெனச்சீங்களா? நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்றேன், எழுதிக்கோங்க. ஒண்ணு, எதிர்வீட்டு கேட்டு. இன்னொண்ணு, சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிங்க. மூணாவது ஒண்ணு இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன். இதுபோக சிக்னல்ல நிக்காம போனதுக்கு வந்த ஃபைன் எல்லாம் தனியா ஒரு கவர்ல போட்டு வெச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி வந்துட்டே இருக்கும். எல்லாம் இந்த ஒரு வருஷத்துக்குள்ள.

என்ன தம்பி, சிரிக்கிறீங்க. இவ்வளவு சொன்னா முகம் சுருங்கும்னு பாத்தேன். உங்களுக்கு என்னடான்னா இன்னும் பளபளன்னு ஆகுது.

ஓ, இப்படி இடிக்கறவங்களுக்குன்னே தனி பிளான் இருக்கா? பேரு என்ன சொன்னீங்க, கூடுதல் கவனம் தேவைப்படற வாடிக்கையாளர். நல்லா இருக்கு. இடிக்கறவன்னு சொன்னா அசிங்கமா இருக்கும்னு இப்படி ஒரு பேரு. கேட்டா ஏதோ கைக்குழந்தைக்குப் பால் பவுடர் விக்கற மாதிரி இருக்கு.

சரி, அவர் யாருன்னு தெரியாமலே பேசிட்டிருக்கீங்க. என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இருந்தவர். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் குடுத்தது அவர்தான். ம், நல்லா சிரிங்க. மத்தவங்கள பாஸாக்கின வாத்தியார் கடைசியில தானே ஃபெயிலாயிட்டார். நானே சிரிச்சிருக்கேன்.

நீங்க அந்தப் பழகற வண்டிக்குள்ள பாத்திருக்கீங்களா? பக்கத்து சீட்டுக்கு முன்னாடியும் ஒரு பிரேக் இருக்கும், மாஸ்டர் காலுக்குன்னு. ஓட்டறவன் தடுமாறினா மாஸ்டர் அத மிதிச்சு வண்டிய நிறுத்திடலாம். மத்த மாஸ்டருங்க மிதிச்சு மிதிச்சு அதோட ரப்பர் மொழுமொழுன்னு தேஞ்சு போயிருக்கும். இவரோடது ஸ்கூல மூடற அன்னிக்கு வரைக்கும் கடையில வாங்கின மாதிரியே இருந்துச்சு. அதுல அவருக்கு அப்படி ஒரு கர்வம். ரெண்டு கையையும் மடியில வெச்சுக்குவார். ரெண்டு காலையும் தரையில அப்படியே பதிச்சு வெச்சுக்குவார். முகத்த மட்டும் ஓட்டறவன் பக்கம் திருப்பி, பிரேக் போடுங்க, மெதுவா, இப்ப பிரேக் போடுங்கன்னு சொல்லிட்டே இருப்பார். செவரு மூக்குக்கு முன்னாடி வந்தாலும் கால தூக்க மாட்டார். நான் மிதிச்சேன்னா அவன் கால் ஆயுசுக்கும் என் காலத்தான் நம்பிட்டிருக்கும், அப்படிம்பார். அந்த செவரு பயத்துலதான் ஊரே ஒழுங்கா ஓட்டுது.

இன்னொரு கிறுக்கும் உண்டு. மொத நாள் யாரையும் சாவியத் தொட விட மாட்டார். டேஷ்போர்டத் தொறந்து இன்சூரன்ஸ் பேப்பர எடுத்து, தேதிய சத்தமாப் படிக்கச் சொல்வார். தேதி தாண்டின வண்டி வண்டியே இல்ல, அது வெறும் தகரம்பார். வீட்டுலயும் அதே கதைதான். என் பொண்ணு பிரசவ வலியில பின்னாடி சீட்டுல கத்திட்டிருக்கா, இவர் கண்ணாடிய மாட்டிட்டு பேப்பர்ல தேதி பாத்துட்டிருக்கார். அன்னிக்கு நான் திட்டின திட்ட இந்த ஆபீசுல சொல்ல முடியாது.

அதோ பாருங்க, கண்ணாடி ரூமுக்குள்ளேருந்து உங்க மேனேஜர் கையத் தூக்கறார். எனக்கில்ல, மாஸ்டர் வீட்டம்மாங்கறதுக்கு. அவரும் எங்க ஸ்கூல்ல பழகினவர்தான். ரிவர்ஸ் எடுக்க வராம மைதானத்துல அழுதவர். இப்ப கோட்டு போட்டுட்டார். நான் உள்ள நுழைஞ்சதுமே எழுந்து வந்து, மாஸ்டருக்கு எப்படியாவது செஞ்சுடுவோம், கவலையே படாதீங்கன்னுட்டுப் போனார். எந்த ஆபீசுக்குப் போனாலும் இப்படி ஒருத்தர் எழுந்து நின்னுடறார் தம்பி. அதுதான் எனக்கு வந்த கேடு.

நீங்க எங்க பழகினீங்க?

என்னது, ஓட்டவே தெரியாதா? ரயில்லதான் வரீங்களா? வண்டி ஓட்டத் தெரியாம வண்டி இன்சூரன்ஸ் விக்கறீங்க. நீச்சல் தெரியாதவன் படகு வாடகைக்கு விடற மாதிரி. ஐயோ, கோச்சுக்காதீங்க. நல்லதுன்னுதான் சொல்றேன், நெசமாவே. மாஸ்டர்கிட்ட பழகாத ஒரு ஆள இந்த ஊர்ல தேடிப் பிடிக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது.

சரி, கேட்டு கதைய கேளுங்க. எதிர்வீட்டுல ஒரு பல் டாக்டர். நாங்க வெளிய போய்ட்டு வரோம். நம்ம வீட்டுக்குள்ள திரும்ப வேண்டிய வண்டி திரும்பல. வேகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. விருந்துக்குப் போற மாதிரி நிதானமா அந்தப் பக்கம் போய் டாக்டர் வீட்டு கேட்டுல முட்டிட்டு நின்னுச்சு. டாக்டர் பாதி மொகத்துல சோப்பு நுரையோட ஓடி வந்தார். எங்க வீட்டு மாஸ்டர் எறங்கி என்ன சொன்னார் தெரியுமா? பிரேக் போடச் சொல்லிட்டே இருந்தேன் டாக்டர், போடல. சொல்லிட்டு என்னைக் காட்டறார். நான் பக்கத்து சீட்டுல காய்கறிப் பையக் கட்டிப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன். டாக்டர் அவரப் பாத்தார், என்னைப் பாத்தார், இது வீட்டுச் சண்டைன்னு முடிவு பண்ணி மிச்ச மொகத்த மழிக்கப் போய்ட்டார். அந்த கேட்டு இன்னிக்கும் ஆடிட்டுத்தான் இருக்கு. அவர்கிட்ட வர பல்லு மாதிரியே.

ஆமாங்க, பொண்டாட்டி மேல பழி போடாத புருஷன் எங்க இருக்கார். உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? இல்லையா? அப்ப சந்தோஷமா இருங்க.

அடுத்து தள்ளுவண்டி. கடை வாசல்ல ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி, ரயிலு மாதிரி நீளமா நிறுத்தியிருப்பாங்கல்ல. அன்னிக்கு அந்த ரயிலுக்கு இஞ்சினு நாங்க. தள்ளிட்டே போய் பூச்செடித் தொட்டி வரைக்கும் கொண்டு சேத்தோம். செக்யூரிட்டி ஓடி வரதுக்குள்ள இவர் எறங்கி, சுத்தி வந்து, என் பக்கத்துக் கதவத் தொறந்து, பதறாதீங்க, மொதல்ல எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும்ங்கறார். என்னைத்தான். வாங்க போங்கன்னு. அப்புறம் செக்யூரிட்டிகிட்ட, புதுசாப் பழகறாங்க, கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்கன்னு சொல்றார். அந்த ஆள் என்கிட்ட வந்து, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இந்த ஆசைன்னு கேட்டான் பாருங்க. கூடி நின்ன சனம் முழுக்க என்னையப் பாத்து தலையத் தலைய ஆட்டுது. எனக்கு சைக்கிளே ஓட்ட வராது தம்பி.

இல்ல, நான் பழகவே இல்ல. அதுவும் ஒரு கதை. கல்யாணமான புதுசுல ஒரு நாள் மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனார். ஊருக்கெல்லாம் வெண்ணெய் மாதிரி பேசற மனுஷன், என்கிட்ட மட்டும் அப்படி ஒரு கத்தல். கிளட்ச்சுன்னா என்னன்னு கேட்டதுக்கு வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சார். கதவத் தொறந்து எறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துட்டேன். அதோட சரி. இன்னி வரைக்கும் எது பிரேக்கு, எது மத்ததுன்னு எனக்குத் தெரியாது.

இப்ப இருக்கற கம்பெனியா? அந்தக் கூத்த ஏன் கேக்கறீங்க. கேட்டு இடிச்சதுமே கழட்டி விட்டுடுவாங்கன்னு பாத்தேன். அவங்க என்னடான்னா ஒரு பெட்டியக் கொண்டுவந்து வண்டிக்குள்ள மாட்டினாங்க. சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். வேகமாப் போனா மார்க் கொறையுமாம், சடார்னு பிரேக் அடிச்சா மார்க் கொறையுமாம், மாசா மாசம் போனுக்கு மார்க் ஷீட்டு வருமாம். எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு. மனுஷங்கதான் மாஸ்டர் மாஸ்டர்னு குழையறாங்க, மெஷினுக்கு அந்த மரியாதை கெடையாதுன்னு நெனச்சேன். மார்க் வந்துச்சு பாருங்க. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு, மிகச் சிறந்த ஓட்டுநர். பின்ன? எருமை மாடு மாதிரி போறவர் எங்க வேகமாப் போகப் போறார்? சடார்னு பிரேக் எங்க அடிக்கப் போறார்? அவர்தான் பிரேக்கே போடறதில்லையே. தள்ளுவண்டிங்களத் தள்ளிட்டுப் போன அன்னிக்கு அது என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? லேசான அதிர்வு, சாலை சரியில்லை. கடைசியில ரோட்டு மேல பழி.

அந்த மார்க்க வெச்சுட்டு, வர வருஷத்துக்கும் நாங்களே தரோம், ரேட்டு மட்டும் கொஞ்சம் ஏறும்னாங்க. நான் வேண்டாம்னு வந்துட்டேன்.

அப்புறம் இன்னொரு ஆபீசு. அவங்க, தப்பா ஓட்டினவங்களுக்கு ஒரு நாள் வகுப்பு இருக்கு, போய் உக்காந்துட்டு வந்தா கெட்ட ரெக்கார்டு கொஞ்சம் வெளுத்துடும்னாங்க. ரெக்கார்டு என்ன வேட்டியா வெளுக்கறதுக்கு. சரி, அங்கயாவது ஒருத்தர் இவர் ஓட்டறதப் பாத்து நாலு வார்த்த சொல்லட்டுமேன்னு அனுப்பினேன். வகுப்பு எடுக்கறவன் இவர்கிட்ட பழகினவன். பாத்ததும் கைகட்டி நின்னுட்டான். நீங்க போய் பெஞ்சுல உக்காரறதா மாஸ்டர்னு சாக்பீஸ இவர் கையில குடுத்துட்டு அவன் போய் பெஞ்சுல உக்காந்துட்டான். தப்பு பண்ணவங்களுக்கான வகுப்ப, தப்பு பண்ணவரே நடத்தி, கைதட்டு வாங்கி, சர்டிபிகேட்டும் வாங்கிட்டு வந்தார். ஹால்ல ஆணி அடிச்சு மாட்டியிருக்கு. அவங்களும் தரேன்னுதான் சொன்னாங்க. அதையும் வேண்டாம்னுட்டேன்.

ஏனா? சொல்றேன், பொறுங்க. மொதல்ல உங்க கடையில என்னென்ன இருக்குன்னு பாத்துடறேன்.

இது என்ன? அடுத்தவங்களுக்கு ஆகறத மட்டும் நீங்க குடுப்பீங்க, நம்ம வண்டி நொறுங்கினா நம்ம தலையெழுத்து. சரி. இது முழு கவர், எல்லாத்துக்கும். ஆனா மொத அடி நம்ம பாக்கெட்டுலேருந்து, மிச்சந்தான் உங்களோடது. நெறைய இடிச்சவங்களுக்கு அந்த மொத அடி பெருசா இருக்கும். புரியுது, புரியுது. இடிச்சு இடிச்சுப் பழகினவங்க தாங்குவாங்கன்னு. இது கம்மியா ஓட்டறவங்களுக்கு, ஓட்டற தூரத்துக்குத் தகுந்த மாதிரி. ஸ்கூலு பக்கந்தான், தூரமே இல்ல. தூரத்துலயா தம்பி இருக்கு ஆபத்து, அந்த கேட்டு எங்க வீட்டுக்கு நேர் எதுக்க இருந்துச்சு.

எவ்வளவு மோசமாச் சொன்னாலும் உங்ககிட்ட ஒரு பிளான் இருக்கு. நான் இன்னும் ரெண்டு செவத்த சேத்துச் சொன்னா அதுக்கும் ஒண்ணு எடுப்பீங்க போல.

இருங்க இருங்க, இது என்ன சொன்னீங்க? ஒரு ஆளோட பேரப் போட்டு, இவர் மட்டும் இந்த வண்டிய ஓட்டக்கூடாதுன்னு எழுத முடியுமா? அப்படி ஒண்ணு இருக்கா? அத மொதல்ல சொல்ல வேண்டாமா?

ஓ. வேற யாராவது ஓட்டறவங்க வீட்டுல இருந்தாத்தானா. இல்லையே. நானா? இப்பத்தானே சொன்னேன். மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வண்டி இருக்கு, அவர் பேரு இதுல வராது. அவ்வளவுதானா? சரி. ஒரு நிமிஷம் நெஞ்சு குளுந்துச்சு.

ஏன் குளுந்துச்சுன்னா கேக்கறீங்க.

அது என்ன, கடைசி வரி? பக்கத்து சீட்டுல உக்காரறவங்களுக்கும் தனியா ஒரு கவரா? அடிபட்டா ஒரு தொகை, அதுக்கு மேல ஆனா ஒரு தொகை. சின்னப் பிள்ளைங்களுக்கும் உண்டா? வேண்டாம். தொகையச் சொல்லாதீங்க. வாய மூடுங்க தம்பி, சொல்லாதீங்க.

இல்ல, உங்க மேல கோவம் இல்ல. இன்னும் கொஞ்சம் தண்ணி குடுங்க.

மூணாவது என்னன்னு கேட்டீங்கல்ல. எங்க தெருமுனையில ரோடு கொஞ்சம் எறக்கமா இருக்கும். எறங்கற எடத்துல பஸ் ஸ்டாப்பு. அங்க ஒரு பெஞ்சு இருந்துச்சு. இருந்துச்சுன்னுதான் சொல்லணும் இப்ப. அப்பத்தான் பஸ்ஸு எல்லாரையும் ஏத்திட்டு கெளம்புது. ஒரு பொண்ணு கைக்குழந்தையோட பெஞ்சுலேருந்து எழுந்து ஓடி, கடைசி ஆளா ஏறினா. ஏறினத நான் பாத்தேன். எங்க வண்டி போய்ச் சேந்தப்ப பெஞ்சுல யாரோ மறந்துட்டுப் போன குடை மட்டுந்தான் இருந்துச்சு.

ஆனா நான் கடைசி நேரத்துல பெஞ்சப் பாக்கல தம்பி, அவரத்தான் பாத்துட்டிருந்தேன். ரெண்டு கையும் மடியில. ரெண்டு காலும் தரையில அப்படியே பதிஞ்சிருக்கு. முகத்த மட்டும் என் பக்கம் திருப்பி, பிரேக் போடுங்க, மெதுவா, பயப்படக்கூடாது, இப்ப பிரேக் போடுங்கங்கறார். ஸ்டியரிங் அவருக்கு முன்னாடி அது பாட்டுக்கு ஆடுது. வண்டி எறக்கத்துல தானாப் போகுது. அவர் கால தூக்கல. தூக்க மாட்டாரே. நான்தான் மிதிக்கணும்னு காத்திட்டிருக்கார். கல்யாணமாகி இத்தன வருஷத்துல என்கிட்ட அவ்வளவு பொறுமையா அவர் பேசினதே கெடையாது.

பழி இல்லீங்க அது. கேட்டுலயும் பழி இல்ல, தள்ளுவண்டியிலயும் பழி இல்ல. ஓட்டறவங்க பிரேக் போடலன்னு அவர் உள்ளத உள்ளபடிதான் சொல்லியிருக்கார். ஓட்டறது யாருங்கறதுதான் அவருக்கு மாறிப் போச்சு.

காட்டினேனே. நரம்பு டாக்டர்கிட்ட போகாம இருப்பேனா? என்ன கிழமை, என்ன மாசம், நூறுலேருந்து ஏழு ஏழாக் கழிங்கன்னு எல்லாம் கேட்டார். பட்டு பட்டுன்னு பதில் வந்துச்சு. எனக்கு அந்தக் கழித்தல் வராது. வண்டிக்கு வெளிய அவருக்கு ஒரு கொறையும் இல்ல தம்பி. உள்ள உக்காந்து கதவ சாத்தினா, என்னிக்கோ ஒரு நாள் சீட்டு மாறிடுது. எறங்கினதும் சரியாயிடுது. என்னிக்கு மாறும்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பொண்ணுகிட்டயும் சொல்லிப் பாத்தேன். அவ நம்பல. அம்மாவும் அப்பாவும் எப்பவும் போடற சண்டைன்னுட்டா. தள்ளுவண்டி கதையக் கேட்டு மாப்பிள்ளை வயித்தப் பிடிச்சுட்டுச் சிரிச்சார், இன்னொரு தடவ சொல்லுங்க அத்தைன்னு. நான் எதச் சொன்னாலும் சிரிக்கற மாதிரியே சொல்லிப் பழகிட்டேன். நீங்களும்தானே இவ்வளவு நேரம் சிரிச்சீங்க.

அதையும் பண்ணிப் பாத்தாச்சு. சாவிய அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சேன். அவருக்கு என் மேல சந்தேகமே வரல. தான்தான் எங்கயோ வெச்சுத் தொலச்சுட்டோம்னு கட்டிலுக்கு அடியில, அலமாரிக்குப் பின்னாடி, குப்பைக் கூடையிலன்னு முட்டி போட்டுத் தேடறார். எனக்கு மறதி வருது போலன்னு ஒரு தடவ முணுமுணுத்தார் பாருங்க. போய் அரிசியக் கெளறி எடுத்துக் குடுத்துட்டேன். இங்கதான் இருந்துச்சு, நானே அளக்கறப்ப தவற விட்டிருப்பேன்னு சொல்லிட்டேன். எப்படித் திட்டினார் தெரியுமா என்னைய. திட்டத் திட்ட அவர் மொகம் தெளிஞ்சுச்சு.

அதனாலதான் தம்பி வந்தேன். உங்ககிட்ட இத்தன பிளான் இருக்கே, முடியாதுன்னு சொல்ற பிளான் ஒண்ணும் இல்லையா?

என்ன முழிக்கிறீங்க. நெசமாத்தான் கேக்கறேன். பாலிசி வேணும்னு நான் எப்பங்க சொன்னேன்? முடிவு தெரியணும்னுதானே சொன்னேன்.

பேப்பர் இல்லாத வண்டியில அவர் சாவி போட மாட்டார். அது தகரம். நான் சொன்னாக் கேக்க மாட்டார், பொண்ணு அழுதாலும் கேக்க மாட்டார், பேப்பர் சொன்னாக் கேப்பார். அவர் ஆயுசு முழுக்கக் கேட்டதும் அது ஒண்ணத்தான். வேற ஆபீசுக்குப் போக மாட்டாரான்னா, போக மாட்டார். என்னையே வேண்டாம்னுட்டானான்னு அந்த ரோஷத்துலயே வீட்டுல உக்காந்துடுவார். மேனேஜர்கிட்ட கேக்காம முடியாதா? அவர்கிட்ட கேட்டா அவர் ஓடி வந்து குடுத்துடுவாரே. உங்களுக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. இருக்குல்ல. அப்ப எழுதுங்க.

காரணமா? அரை நாளா உங்க முன்னாடி உக்காந்து எதுக்குப் பாடினேன்? கேட்டு, தள்ளுவண்டி, பெஞ்சு, அந்த கவர்ல இருக்கற ஃபைனு. எல்லாத்தையும் எழுதுங்க. ஓட்டின ரெக்கார்டு சரியில்ல, அதனால எங்களால தர முடியாதுன்னு எழுதுங்க. சீட்டு மாறினதெல்லாம் எழுதாதீங்க. வயசாச்சுன்னு மறந்தும் எழுதிடாதீங்க. ரெக்கார்டு சரியில்ல, அவ்வளவு போதும். அவருக்கு அது புரியும், கோவமும் வரும். உங்க கம்பெனிய அக்கு வேற ஆணி வேறயாத் திட்டுவார். உங்களையும் திட்டுவார், ஓட்டத் தெரியாத பய எனக்கு மார்க் போடறானான்னு. திட்டட்டும் தம்பி. தப்பு உங்க மேலயே இருக்கட்டும். நீங்க ரயில்ல வரவரு, உங்களுக்கு என்ன ஆயிடப் போகுது.

சந்தேகமா இருந்தா அந்த ஜன்னல் பக்கம் போய் கீழ பாருங்க. மரத்தடியில வெள்ள வண்டி, முன்னாடி ஒரு பக்கம் நசுங்கி வாயக் கோணிட்டு நிக்குதே, அதேதான். ஆமா, அவர்தான் என்னைக் கூட்டிட்டு வந்தார். இன்னிக்கு ராத்திரி வரைக்கும் பேப்பர் இருக்கே. வர வழியெல்லாம் நல்லாத்தான் ஓட்டினார், என் உயிரு என்கிட்ட இல்ல, அவ்வளவுதான். இப்ப எந்த சீட்டுல உக்காந்திருக்கார்னு பாத்துச் சொல்லுங்க.

ம். நான் எறங்கறப்ப ஸ்டியரிங் முன்னாடிதான் இருந்தார். இப்ப தள்ளி உக்காந்துட்டார்ல. கை ரெண்டும் மடியில இருக்கா? பெல்ட்டு போட்டிருப்பாரே. அடுத்த வகுப்புக்கு ஆள் வரணும், காத்திட்டிருக்கார். நான் போனா, ஏன்மா லேட்டு, ஏறுங்க, மொதல்ல டேஷ்போர்டத் தொறங்கன்னுவார்.

உக்காருங்க தம்பி, உக்காந்து எழுதுங்க. கண்ண அப்புறம் தொடச்சுக்கலாம். எழுத்து பெருசா இருக்கட்டும், அவர் படிக்கற கண்ணாடிய கொண்டு வரல. சீல நல்லா அழுத்திக் குத்துங்க.

எப்படிப் போவோமா? ராத்திரி வரைக்கும் பழைய பேப்பர் இருந்தாலும், முடியாதுன்னு சொன்ன வண்டிய அவர் ஒரு அடி நகத்த மாட்டார். சாவிய உங்க மேஜை மேல வீசிட்டுத்தான் மறுவேலை பாப்பார். மாப்பிள்ளை சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போகட்டும். குட்டியக் கூட்டிட்டு வர நானும் அவரும் சேந்தே போறோம். ஸ்கூலுக்கு எதுக்கவே பஸ்ஸு நிக்குது. பஸ்ஸுலயும் டிரைவருக்குப் பின்னாடி சீட்டப் பிடிச்சு உக்காந்துக்கிட்டு, பிரேக் போடுங்க, பிரேக் போடுங்கன்னுதான் வருவார். அங்க சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். அந்த டிரைவர் போட்டுடுவார்.